குஞ்சுகளின் முதல் வாரம்

முட்டைக்குள் 21 நாள் அடைபட்டிருந்து ஓட்டை உடைத்துக்கொண்டு வெளிவரும் கோழிக் குஞ்சுக்கு, அதற்குப் பின் வரும் ஏழு நாட்களே மிகவும் ஆபத்தானவை. அந்த ஏழு நாட்களைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை வட்டங்களின் தேயிலைத் தோட்டங்களிலும் ஏலத் தோட்டங்களிலும், பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி போன்ற ஊர்களிலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. 1956-ஆம் ஆண்டில் மாநிலங்கள் மொழிவாரியாக அமைந்தபோது இவ்வூர்கள் கேரளத்தின் பங்காயின. அங்கே லயத்து வீட்டின் பின்புறத்திலோ, தோப்பு வீட்டின் முற்றத்திலோ நான்கைந்து கோழிகள் மேய்வதைக் காணலாம். ஆடவர்கள் அவற்றைப் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் முட்டை விற்ற காசு பெண்களின் கைக்காசு. பிள்ளையின் நோட்டுப் புத்தகமும், ஊர்த் திருவிழாவுக்குப் போய்வரும் பஸ் கட்டணமும் அதிலிருந்துதான் வருகின்றன. பன்னிரண்டு குஞ்சு பொரித்து, வாரம் முடிவதற்குள் எட்டுக் குஞ்சு செத்துப்போயிற்று என்றால் அந்த வீட்டில் அது சிறிய நஷ்டமன்று.

மூணாற்றுக்கு அருகே ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் அம்மையார் ஒருவரை நான் அறிவேன். ஒரு மார்கழியில் அவர் போடிநாயக்கனூரில் இருபது குஞ்சுகளை வாங்கி, ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் வைத்து, பஸ்ஸில் மலைக்குக் கொண்டுவந்தார். போடியில் அன்று வெயில். போடிமெட்டு ஏறுவதற்கு முன்பே ஜன்னல் வழியாகக் குளிர்காற்று பெட்டியின் மேல் அடிக்கத் தொடங்கிவிட்டது. மறுநாட் காலையில் ஐந்து குஞ்சுகள் விறைத்துக் கிடந்தன. மிச்சமுள்ளவை சிறகைத் தொங்கவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, 'கீச் கீச்' என்று ஓயாமல் கத்தின. அடுத்த வீட்டுப் பெண், "மதினி, இது ஏதோ சீக்கு, காய்ச்சல் மாத்திரையைக் கரைத்து ஊற்றுங்கள்" என்றாள். மனிதர் சாப்பிடும் மாத்திரையில் பாதியைக் கரைத்து ஊற்றினார்கள். நான்காம் நாள் எஞ்சியவை ஒன்பது.

அந்தக் குஞ்சுகளுக்கு வந்தது சீக்கு அன்று, குளிர். குஞ்சு துவண்டுவிட்டால், "என்ன மருந்து கொடுப்பது?" என்றே நாம் முதலில் கேட்கிறோம். "குளிர்ந்ததா, காய்ந்ததா, நனைந்ததா?" என்று கேட்பதே முறை. முதல் வாரத்தில் பல குஞ்சுகளை நாம் இழப்பது கிருமியால் அன்று, இம்மூன்றினால்தான்.

இதற்குக் காரணம் உண்டு. குஞ்சின் மேலுள்ள பஞ்சு போன்ற தூவல் இறகன்று; அது உடற்சூட்டைக் காக்கப் போதாது. இறகு முளைத்து, தன் சூட்டைத் தானே நிலைநிறுத்தும் ஆற்றல் வருவதற்குச் சில வாரங்கள் ஆகும். அதுவரையில் சூடு வெளியிலிருந்தே வரவேண்டும். உணவைப் பற்றியோ அவ்வளவு அவசரமில்லை. பொரிவதற்குச் சற்று முன்னர் முட்டையின் மஞ்சட்கரு குஞ்சின் வயிற்றுக்குள் இழுக்கப்பட்டுவிடுவதால் இரண்டு நாள்வரை அது தாக்குப் பிடிக்கும். குஞ்சுகளைத் தொலைதூரம் அனுப்ப முடிவதே இதனால்தான். பட்டினியைத் தாங்கும் இப்பிராணி ஒரு நாட் குளிரைத் தாங்காது.

முதல் வாரத்தில் குஞ்சு இருக்கும் இடத்தில் ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். அதன்பின் வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்து வரலாம். வெப்பமானி இல்லையே என்று வருந்த வேண்டியதில்லை, குஞ்சுகளே வெப்பமானி. விளக்கின் அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கிக்கொண்டு கத்தினால், சூடு போதவில்லை. விளக்கை விட்டு விலகி, சுவரோரம் ஒதுங்கி, அலகைத் திறந்து மூச்சு வாங்கினால், சூடு மிகுதி. எல்லாம் ஒரே பக்கத்தில் ஒதுங்கி நின்றால், எதிர்ப் பக்கத்திலிருந்து காற்று நுழைகிறது. அந்த இடைவெளியைச் சாக்கினால் அடையுங்கள். அங்குமிங்கும் பரவிப் படுத்து, இடையிடையே கொத்தித் தின்றுகொண்டிருந்தால் நீங்கள் நிம்மதியாக உறங்கப் போகலாம்.

விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய இழை பல்பு, வெளிச்சத்தோடு சூட்டையும் தந்தது. இருபது, இருபத்தைந்து குஞ்சுகளுக்கு 60 வாட் பல்பு ஒன்றைத் தாழத் தொங்கவிட்டால் பெரும்பாலும் போதும். கடுங்குளிரில் இன்னொன்று தேவைப்படலாம். இப்பொழுது எல்லா வீடுகளிலும் எல்.இ.டி. பல்பு வந்துவிட்டது. அதன் வெளிச்சம் கண்ணைக் கூசும்; குஞ்சுக்கு வேண்டிய சூடு அதில் இல்லை. இரவு முழுவதும் விளக்கு எரிந்தும் குஞ்சுகள் விறைத்துச் சாவதைக் கண்டு திகைக்கும் வீடுகளில், முதலில் பல்பைப் பாருங்கள்.

ஆடி மழையில் மலையில் மின்சாரம் அடிக்கடி நின்றுவிடும். அப்போது வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியால் சுற்றிக் கூண்டின் நடுவே வைக்கலாம்; சில மணிக்கொருமுறை நீரை மாற்ற வேண்டும். நெருப்புச் சட்டி வைக்கும் வழக்கமும் உண்டு. ஆனால் கதவடைத்த அறையில் கரி எரிந்தால் அந்த வாயு குஞ்சை மட்டுமல்ல, அதே அறையில் உறங்கும் மனிதரையும் கொன்றுவிடும். அது வேண்டாம்.

எல்லாவற்றிலும் சிறந்த உபகரணம் அடைக்கோழிதான். வீட்டில் அடைக்கோழி இருக்கும் சமயம் பார்த்து வெளிக்குஞ்சு வாங்குவது புத்திசாலித்தனம். இருட்டிய பிறகு, கோழி அரைத் தூக்கத்தில் இருக்கும்போது, அடியிலுள்ள முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுக் குஞ்சுகளை ஒவ்வொன்றாகச் செருக வேண்டும். விடிந்ததும் அது பெரும்பாலும் அவற்றைத் தன் குஞ்சுகளாகவே ஏற்றுக்கொள்ளும். நிறத்தைப் பற்றி அதற்கு அக்கறையில்லை. பத்துப் பன்னிரண்டுக்கு மேல் செருகாதீர்கள். சிறகின் அளவுக்குத்தான் அதனால் அணைக்க முடியும்.

பாலக்காட்டுப் பக்கத்தில் கதை வேறு. மார்கழி, தை மாதங்களில் கணவாய் வழியே வீசும் வறண்ட காற்று குஞ்சை நேராகத் தாக்கும். பங்குனி, சித்திரையிலோ வெயில் 40 டிகிரியை எட்டும் நாட்கள் உண்டு. தகரக் கூரையின் அடியில் அது இன்னும் ஏறும். அந்நாட்களில் பகலில் விளக்கு தேவையில்லை. நிழலும், அடிக்கடி மாற்றிய தண்ணீருமே மருந்து.

தண்ணீர்த் தட்டு ஆழமற்றதாக இருக்கட்டும். அதில் சில கூழாங்கற்களைப் போட்டு வையுங்கள். நனைந்த குஞ்சு குளிர்ந்த குஞ்சு. பயணம் செய்துவந்த குஞ்சுகளுக்கு, கொதித்து ஆறிய வெதுவெதுப்பான நீரில் சிறிது சர்க்கரை கரைத்து முதல் நாள் கொடுக்கலாம். ஒவ்வொரு குஞ்சின் அலகையும் ஒருமுறை நீரில் தொட்டுவிட்டால் பிறகு தானே குடிக்கும். குருணையை முதல் நாள் தூவலாம். குருணையே முழு உணவாகிவிட்டால் குஞ்சு வளராது. கடையில் குஞ்சுத் தீவனம் என்று கேட்டு வாங்குங்கள்.

ஆசனவாயில் எச்சம் காய்ந்து ஒட்டிக்கொண்டு, வெளிக்குப் போக முடியாமல் குஞ்சு முனகுவதைக் கண்டிருப்பீர்கள். அதைப் பிய்த்து எடுக்காதீர்கள். தோலும் உடன் வந்துவிடும். வெந்நீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்து மெல்லத் துடைத்து, உலர்த்தி, சிறிது தேங்காயெண்ணெய் தடவி, சூட்டில் விடுங்கள். பல சமயங்களில் இதுவும் குளிரின் விளைவே. ஆனால் ஒரே அடையில் பொரித்த பல குஞ்சுகள் சுண்ணாம்பு போல வெள்ளையாகக் கழிந்து மடிந்தால், அது தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியாகவே வந்த பாக்டீரிய நோயாக இருக்கலாம். அந்தக் கோழியின் முட்டையை மறுபடி அடைவைக்கலாகாது.

மூன்றாவது வாரத்துக்குப் பின் எச்சத்தில் இரத்தம் கண்டால் அது இரத்தக் கழிச்சல். ஈர உமியிலேதான் அதன் நுண்ணுயிர் முதிர்ச்சியடைகிறது. தண்ணீர்த் தட்டைச் சுற்றியுள்ள ஈரமான உமியை அன்றாடம் அள்ளி எறிபவர் வீட்டில் இந்நோய் குறைவு. வந்துவிட்டாலோ இதற்கு நல்ல மருந்து உண்டு. கால்நடை மருத்துவரிடம் கேட்டு உடனே கொடுத்தால் பிழைக்கும். மனிதருக்கான மாத்திரையைத் தோன்றியபடி கரைக்கும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். கொலிஸ்டின் என்னும் மருந்து, மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் பயன்படுவது. கோழிகளுக்குக் கொடுத்துக் கொடுத்து அது பலனற்றுப் போய்விடும் என்பதாலேயே 2019-இல் இந்திய அரசு அதனைக் கோழி வளர்ப்பில் தடை செய்தது.

இனி, மருந்தே இல்லாத நோய்க்கு வருகிறேன். தமிழ்நாட்டில் இதனை வெள்ளைக் கழிச்சல் என்கிறோம். சற்றுமுன் சொன்ன குஞ்சு நோயையும் மக்கள் அதே பெயரால் அழைப்பதுண்டு, இரண்டும் வேறு. இது வைரஸால் வருவது. 1920-களின் பிற்பகுதியில் குமாயூன் மலையிலுள்ள ராணிக்கேத்தில் கண்டறியப்பட்டதால், நம் நாட்டில் ராணிக்கேத் நோய் என்று பெயர் பெற்றது. மூச்சுத் திணறல், பச்சை கலந்த கழிச்சல், கால் இழுத்தல், கழுத்து முறுக்கிக்கொள்ளுதல் ஆகியவை அடையாளங்கள். இதற்கான தடுப்பு மருந்துகளில் புகழ்பெற்ற ஒன்று, ராணிக்கேத்துக்கு அருகே அதே மலைத்தொடரிலுள்ள முக்தேசுவரத்து ஆய்வுக்கூடத்தில்தான் உருவாயிற்று. தமிழ்நாட்டில் ராணிப்பேட்டை நிலையமும், கேரளத்தில் பாலோடு நிலையமும் கால்நடைகளுக்கான தடுப்பு மருந்துகளைத் தயாரிக்கின்றன. வெங்காயமும் மஞ்சளும் சீரகமும் அரைத்துக் கொடுப்பவர்களை நான் தடுக்கவில்லை. ஆனால் அவற்றை நம்பித் தடுப்பு மருந்தைத் தவறவிடுவது, கூரை வேயாமல் குடையை நம்புவது போன்றது.

இங்கேதான் எல்லையோரத் தமிழருக்கு ஒரு சங்கடம். மலையாளத்தில் ராணிக்கேத்துக்குப் பெயர் 'கோழி வசந்த'. 'கோழி வசூரி' என்பது வேறு. அது கொண்டையிலும் முகத்திலும் கொப்புளம் கிளம்பும் அம்மை. இரண்டும் காதுக்கு ஒன்று போலவே ஒலிக்கும். மிருகாசுபத்திரிக்குப் போய் "வெள்ளைக் கழிச்சல்" என்றால், சாதாரண வயிற்றுப்போக்கு என்று கருதிவிடக்கூடும். "வசூரி" என்று சொல்லிவிட்டால் அம்மைத் தடுப்பூசியைப் பற்றிய பேச்சாகிவிடும். ஆகவே 'வசந்த' என்ற சொல்லை நினைவில் வையுங்கள். குழப்பமாக இருந்தால் "ராணிக்கேத்" என்றே சொல்லுங்கள். அச்சொல் இரு மாநிலத்திலும் விளங்கும்.

முதல் தவணை, குஞ்சு பொரித்த ஐந்தாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, அவ்வளவுதான். ஏறத்தாழ நான்காம் வாரத்தில் மறுபடி ஒரு சொட்டு. எட்டாம் வாரத்தில் ஊசி. சரியான தேதிகளை மருத்துவர் குறித்துக் கொடுப்பார். ஏற்கெனவே துவண்டிருக்கும் குஞ்சுக்குப் போடலாகாது. முதலில் அதனைத் தேற்ற வேண்டும்.

ஆனால் அந்த மருந்துக் குப்பி பெரும்பாலும் 100 குஞ்சுகளுக்கோ அதற்கு மேலுமோ உரியது. பன்னிரண்டு குஞ்சு வைத்திருப்பவர், "எனக்கு எதற்கு அவ்வளவு?" என்று திரும்பிவிடுகிறார். லயத்தில் வாழ்பவர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. பத்து வீடும் ஒரே வரிசை. ஒரே வாரத்தில் அடைவைக்க நான்கைந்து பெண்கள் பேசிவைத்துக்கொண்டால், ஒரு குப்பி எல்லோருக்கும் போதும். விடுமுறை நாளன்று ஒருவர் குமுளிக்கோ மூணாற்றுக்கோ போய், தெர்மாஸ் குடுவையில் பனிக்கட்டியிட்டு, அதில் குப்பியை வைத்துக் கொண்டுவரட்டும். பையில் போட்டு வெயிலில் கொண்டுவந்த மருந்து வெறும் நீர்தான். கலந்த பிறகு ஓரிரு மணி நேரத்துக்குள் கடைசி வீட்டுக் குஞ்சு வரை போட்டு முடித்துவிட வேண்டும். மிஞ்சியதை நாளைக்கு என்று எடுத்துவைக்காமல், குப்பியோடு கொதிக்கவைத்துக் குழியில் புதைத்துவிடுங்கள்.