காடும் கால்நடையும்



உயிர்களை அவற்றின் பொறியறிவால் வகைப்படுத்திக் காண்பது சைன மரபு. மரமும் புல்லும் ஓரறிவுயிர். மாடு ஐம்பொறியும் வாய்ந்த உயிர். காட்டைக் காக்க எழுந்த சட்டம் மாட்டைப் பட்டினியில் நிறுத்துமானால் அறம் எப்பக்கம் நிற்கும்? இவ்வினா ஏட்டளவில் எழுந்ததன்று. இப்பேரிகைக்குத் தெற்கே காவிரியை ஒட்டிய காடுகளில் இன்று எழுந்து நிற்பது.

ஓசூர்க் கோட்டத்துக் காடுகளில் 2014ஆம் ஆண்டு காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் அமைந்தது. 2022 நவம்பரில் ஏறத்தாழ 686 சதுர கி.மீ. பரப்பில் காவிரி தெற்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. ஈரோடு மாவட்டம் பர்கூர் மலைக்கு 2023இல் தந்தை பெரியார் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. இதனிடையே 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், தமிழகக் காடுகள் அனைத்திலும் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. அதே மாதத்தில் அத்தடையைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றின் அளவில் சுருக்கியது. ஆகவே ஒரு காடு சரணாலயம் என்னும் பெயர் பெற்றவுடன், அங்கு மேயும் மாட்டின் வாழ்வும் மாறிவிடுகின்றது.

பர்கூர் மாடு செந்நிறத்தில் வெண்மறை படர்ந்தது. காட்டுக்குள் பட்டி அமைத்து அடைத்து, பகலில் மலைச்சரிவில் மேய்ப்பர். கறக்கும் பால் சிறிதே. எருவும், அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் விற்கும் காளைகளுமே பட்டிக்காரரின் வருவாய். கொட்டிலில் கட்டி விலைத்தீவனம் இட்டு இம்மாட்டை வளர்த்தல் அவர்க்கு இயலாது. மேய்ச்சல் அடைபட்டால் பட்டி கலையும். மாடு சந்தைக்குச் செல்லும். உழவுக்கு மாடு வாங்குவோர் அருகிவிட்ட இந்நாளில், சந்தைக்குச் செல்லும் மாடு இறுதியில் எங்குச் சேரும் என்பதை இவ்வவைக்கு விளக்க வேண்டுவதில்லை.

வனத்துறையின் கூற்றிலும் உண்மை உண்டு. அளவுக்கு மிஞ்சிய மந்தை இளங்கன்றுகளை மிதித்து அழிக்கும். யானைக்கும் மானுக்கும் உரிய புல்லைக் குறைக்கும். கோமாரி, அடைப்பான் போன்ற நோய்களைக் காட்டு விலங்குகளுக்குப் பரப்பும். சானமாவுக் காட்டிலிருந்து யானைகள் வயல்களில் இறங்குவதைக் காணும் இப்பகுதியினர், காட்டில் தீனி குறைவதன் விளைவை நன்கறிவர்.

பிரேசில் நாட்டு அமேசான் காடுகளில் 2004ஆம் ஆண்டில் மட்டும் 27,000 சதுர கி.மீ.க்கு மேல் அழிந்தது. அழிந்த நிலத்தின் பெரும்பகுதி மாட்டுப் பண்ணைகளுக்கு மேய்ச்சல் நிலமாயிற்று. செயற்கைக்கோள் கண்காணிப்பு, காடழித்தோர்க்குக் கடன் மறுப்பு, இறைச்சி நிறுவனங்களுடன் 2009இல் செய்த உடன்பாடு ஆகியவற்றோடு, 2012இல் அவ்வழிவு 5,000 சதுர கி.மீ.க்குக் கீழ் இறங்கியது. ஆங்கே காட்டை வெட்டி வீழ்த்தி மாடு வளர்த்தனர். ஈங்கோ நிற்கும் காட்டினுள் மாடு மேய்கின்றது. இரண்டையும் ஒரு தராசில் நிறுத்தல் முறையன்று.

அகிம்சை விரதத்திற்கு ஐந்து குற்றங்களைத் தத்துவார்த்த சூத்திரம் கூறுகின்றது. கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகைப்பாரம் ஏற்றுதல் என்பவற்றோடு, உணவும் நீரும் மறுத்தலும் அவற்றுள் ஒன்று. மேலும், இல்லறத்தார்க்கு விலக்கிய பதினைந்து தொழில்களுள் காட்டை வெட்டிப் பிழைத்தலும் காட்டுக்குத் தீயிடுதலும் அடங்கும். மேய்ச்சலை மறுத்து மாற்றுத்தீவனம் தராத ஆணை முன்னைய குற்றத்தைச் சாரும். புதுப்புல் வேண்டிக் காட்டைக் கொளுத்துவோர் பின்னைய குற்றத்தைச் சார்வர். மாட்டைக் காப்போர்க்கும் காட்டைக் காப்போர்க்கும் நூல் ஒரே நெறியையே வைத்துள்ளது.

வழி இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், காட்டில் வாழ்வோர்க்கு மேய்ச்சல் உரிமையையும் ஏற்றுள்ளது. கிராம சபை வழியே அவ்வுரிமையை உறுதி செய்து, மாட்டின் தொகையை வரையறுத்து, பகுதி பகுதியாகக் காட்டுக்கு ஓய்வளித்தல் கூடும். புல்லை மூடிப் படரும் உண்ணிச்செடியை அகற்றினால் மானுக்கும் மாட்டுக்கும் தீனி பெருகும். ஊர்தோறும் எஞ்சியுள்ள மந்தைவெளியும் மேய்ச்சற் புறம்போக்கும் மனையாகாமல் நிலைத்தால், காட்டின்மேல் விழும் சுமை குறையும்.

இல்லங்களுக்கும் இதில் பங்குண்டு. நாள்தோறும் பால் பெறும் குடும்பம், பால் வற்றிய பசுவுக்கும் உழைத்து ஓய்ந்த எருதுக்கும் ஒரு கட்டு வைக்கோலின் விலையை மாதந்தோறும் ஒதுக்கலாம். கோசாலைக்கு ஈயும் பொருளில் ஒரு பகுதி, வறட்சி மாதங்களில் மலைப் பட்டிகளுக்குத் தீவனமாகச் செல்லலாம். மாடு கோசாலைக்கு மீட்கப்படும் நிலை நேருமுன், அது வளர்ந்த பட்டியிலேயே அதனை வாழச் செய்தல் சிறந்த சீவகாருண்யம். அவ்வறத்தைக் கைக்கொண்டு காடும் கால்நடையும் ஒருங்கே வாழ வழி செய்வோமாக.