காய்ச்சல் விட்ட பின்பு

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நூறு வயதைக் காணும் எங்கள் சங்கத்திலும் சற்று மூத்தது 1918ஆம் ஆண்டின் இன்புளுவென்சாப் பெருநோய். அது இலங்கையையும் விட்டுவைக்கவில்லை. அந்நோயில் இறந்த 58 பேரின் நுரையீரல் இழையங்களை அமெரிக்காவில் மீளப் பரிசோதித்து, 2008இல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் பற்றீரியா நியூமோனியாவின் கடுமையான அடையாளங்கள் இருந்தன. வைரசு வழிவிட, பற்றீரியா உள்ளே புகுந்திருந்தது. அந்த வழி எப்படித் திறக்கிறது என்பதைப் பற்றியே பேச வந்தேன்.

உயர்தர வகுப்பில் நிர்ப்பீடனம் என்றதும் பிறபொருளெதிரிதான் எங்கள் நினைவுக்கு வரும். ஆனால் புதிய கிருமிக்கு எதிராக அது உருவாகப் பல நாட்கள் செல்லும். அதுவரை எங்களைக் காப்பது பிறப்போடு வந்த இயல்பான நிர்ப்பீடனம். சுவாசக் குழாயின் சளி கிருமியைப் பிடிக்கும்; பிசிர்கள் அதை மேலே தள்ளும். நுரையீரலின் சிற்றறைகளில் விழுங்கு கலங்கள் காவல் இருக்கும். வைரசு புகுந்த கலம் இன்டர்பெரோனைச் சுரந்து அயற்கலங்களை எச்சரிக்கும். 1957இல் லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மான் இருவரும் கண்டறிந்த பொருள் அது.

இன்புளுவென்சா வைரசு இந்தக் காவலைக் குலைக்கிறது. அதன் புரதமொன்று இன்டர்பெரோன் எச்சரிக்கையை அடக்குகிறது. பிசிருள்ள கலங்கள் அழிகின்றன. பின்னர் உடல் வைரசை வெல்லும்போது சுரக்கும் இன்டர்பெரோன்களே, பற்றீரியாவை விழுங்கும் கலங்களை மந்தமாக்குவதை எலிகளில் கண்டிருக்கிறார்கள். ஆகவே நோயாளி தேறிவரும் நாட்களே பற்றீரியாவுக்கு வாய்ப்பான நாட்கள்.

இதனால் மூன்று விடயங்களைக் கேட்டுக்கொள்கிறேன். காய்ச்சல் விட்டுச் சுகமாக இருந்தவருக்குத் திரும்பவும் காய்ச்சல், மூச்சுத்திணறல், நெஞ்சு நோ வந்தால், "அதே தடிமன்தான்" என்று பொறுத்திருக்காமல் அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். தடிமன் தொடங்கியதும் மிச்சமிருந்த அன்ரிபயோட்டிக் குளிசைகளைத் தேடி எடுக்காதீர்கள். அவை வைரசை ஒன்றும் செய்யாது, மருந்துக்கு அடங்காத பற்றீரியா பெருகவே உதவும். முதியோரும் கர்ப்பிணிகளும் நீரிழிவு, ஆஸ்மா உள்ளோரும் ஆண்டுதோறும் போடும் இன்புளுவென்சாத் தடுப்பூசி பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.

எங்களில் பலர் பெற்றோரை ஊரில் விட்டு, கனடாவிலும் லண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் இருந்து தொலைபேசியில் சுகம் விசாரிப்பவர்கள். "காய்ச்சல் விட்டிட்டுதோ அம்மா?" என்று கேட்டதோடு நின்றுவிடாதீர்கள். நாலைந்து நாள் கழித்து இன்னொருதரம் எடுத்து, "திரும்பவும் காயுதோ? மூச்செடுக்கக் கஷ்டமோ?" என்றும் கேளுங்கள். அந்த இரண்டாவது அழைப்பு ஓர் உயிரைக் காக்கலாம்.