அம்மா கேட்ட ஒரு கேள்வி

நான் மாங்காட்டிலிருந்து வர்றேன். 'நாட்டுக்காக அதிகம் தாங்கியது எல்லையில் நின்றவரா, வீட்டில் காத்திருந்தவரா?' நான் காத்திருந்தவர் கட்சி!

எங்கப்பா விமானப்படையில் இருந்தார். லடாக்கில், காரகோரம் கணவாய்க்குப் பக்கத்தில் தவுலத் பெக் ஓல்டி. பதினாறாயிரம் அடிக்கும் மேலே! 1962-ல் அங்கே முதன்முதலாகப் பாக்கெட் விமானம் இறங்கியது. அதில் சாமான் இறக்குற வேலை அப்பாவுக்கு. "தண்ணி சீக்கிரம் கொதிச்சிடும்டா, ஆனா பருப்பு வேகாது. ஒரு மூட்டையைத் தூக்குறதுக்குள்ள மூச்சு வாங்கிடும்" என்பார்.

இதை ஊரே உட்கார்ந்து கேட்டது. அம்மா கதையை யார் கேட்டாங்க? கைக்குழந்தை, படுத்த படுக்கையா மாமியார். லெட்டர் வராத வாரமெல்லாம் எலுமிச்சம்பழத்தோட காமாட்சி கோயிலுக்குப் போவாங்க. அந்த அம்மனே ஈசனுக்காக நெருப்பு நடுவில் ஒற்றைக் காலில் காத்திருந்தவள்தானே! (கைதட்டல்)

அறுபதுகளிலேயே அந்தத் தளத்தை மூடிட்டாங்க. 43 வருஷம் கழித்து, 2008 மே 31-ல், ஏஎன்-32 விமானம் மறுபடி அங்கே இறங்கியது. பேப்பரைப் படித்துக் காட்டினேன். அப்பா, "ஓடுதளம் இன்னும் மண்தரைதானா?" என்றார்.

அம்மா கேட்டாங்க: "அங்க போற பிள்ளைங்க வீட்டுக்குப் பேச போன் இருக்காடா?"

அப்பா நினைச்சது அவர் நின்ற இடத்தை. அம்மா நினைச்சது, இன்னொருத்தி நிற்கப்போற வாசலை! தீர்ப்பு உங்களிடம்.