நம் பாதையில் ஓடிய புகையிரதத்தை நாமே செய்வோம்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் சர்வகலாசாலை மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



 சிற்றளவில் செய்யப்படும் மாதிரிப் புகையிரத யந்திரங்களுக்கு வேண்டிய உறுப்புக்களை நம் கையாலேயே ஆக்கிக்கொள்வது எப்படி என்பது பற்றிப் பேசும்படி செயலாளர் எம்மைப் பணித்தார். "பிள்ளைகள் விளையாடும் பொருளுக்கு இந்த மேடையா?" என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணத்தில் நியாயம் உண்டு. அதற்கு மறுமொழி கூறுவதும் இவ்வுரையின் நோக்கமாகும்.

ஜேர்மனியின் மார்க்ளின் கொம்பனி 1891ஆம் ஆண்டில் பொம்மைப் புகையிரதங்களுக்குத் திட்டமான தண்டவாள அளவுகளை வகுத்தது. இங்கிலாந்தில் பாசெட்-லோக் என்பார் பின்னர் இத்தொழிலைத் தொடங்கினார். 1938இல் ஹோர்ன்பி டப்ளோ என்னும் சிறிய வகை கடைக்கு வந்தது. ஆனால் இவர்கள் செய்தவையெல்லாம் பெரும்பாலும் அவரவர் நாட்டு வண்டிகளே. நம் நாட்டு வண்டியைச் செய்து விற்க அவர்களுக்குத் தேவையும் இல்லை, கடமையும் இல்லை.

நமக்கோ தேவை உண்டு. கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸை வரை 1864இல் முதற் புகையிரதம் ஓடிற்று. 1867இல் பாதை கண்டியை எட்டிற்று. 1880இல் மாத்தளைக்கு வந்தது. கோப்பியை ஏற்றவென்று போட்ட பாதை அது. கோப்பி நோயில் மடிய, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. அதற்கு முன்னரே மன்னாரில் இறங்கி, தம்புள்ளை வழியாகக் காட்டுப்பாதையில் கால்நடையாய் மாத்தளைக்கு வந்தவர்கள் நம் முன்னோர். அவர்கள் கொய்ததையே அவ்வண்டிகள் சுமந்தன. அவ்வண்டியின் உருவம் எந்தக் கடையிலும் விலைக்கு இல்லை. வேண்டுமாயின் நாமேதான் செய்ய வேண்டும்.

முதலில் அளவைப் பார்ப்போம். நம் அகலப்பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடையே ஐந்தரை அடி. இங்கிலாந்துப் பாதையிலோ நாலடி எட்டரை அங்குலந்தான். ஓரடியை நாலு மில்லிமீற்றராகக் குறுக்குவது மாதிரி செய்வோர் பலர் கைக்கொள்ளும் முறை. அதாவது உண்மையில் ஏறக்குறைய 76இல் ஒரு பங்கு. அம்முறைப்படி நம் பாதை 22 மில்லிமீற்றர் அகலம் இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் தண்டவாளம் 16.5 மில்லிமீற்றர். குறைவு ஐந்தரை மில்லிமீற்றர்! அதன்மேல் நம் யந்திரத்தை நிறுத்தினால், பெரிய மனிதர் சிறு பிள்ளையின் பாதரட்சையை மாட்டிக்கொண்டு நடப்பது போலிருக்கும்.

எனவே சட்டத்திலிருந்தே தொடங்க வேண்டும். அரை மில்லிமீற்றர்த் தடிப்புள்ள பித்தளைத் தகடு இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சோல்டரால் பற்றவைத்து, பொற்கொல்லர் பாவிக்கும் சன்ன வாளால் ஒரே தடவையில் அறுக்க வேண்டும். சக்கர அச்சுக்கான துளைகளையும் இரண்டும் ஒட்டியிருக்கும்போதே இட வேண்டும். பின்னர் சூடாக்கிப் பிரித்தால் இரு பக்கமும் அச்சொட்டாய் ஒத்திருக்கும். இடையே வைக்கும் குறுக்குத் துண்டுகளை நம் 22 மில்லிமீற்றருக்கு ஏற்ப அகலமாக வெட்டி, அச்சுக்களையும் உருக்குக் கம்பியில் நீளமாய் அறுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது சக்கரங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் தண்டு. இரு அச்சுக்களுக்கு இடையே உண்மையில் ஆறடி எனக் கொள்வோம். மாதிரியில் அது 24 மில்லிமீற்றர். சட்டத்தில் ஓரளவும் தண்டில் வேறளவும் இருந்தால் சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் இறுகி நிற்கும். கால் மில்லிமீற்றர் பிசகு பெரிய யந்திரத்தில் முக்கால் அங்குலத்திற்குச் சமம். ஆகையால் தண்டைத் தனியே அளந்து துளையிடாமல், அதையே அச்சாக வைத்துச் சட்டத்தில் துளையிடுதல் நலம். அப்போது இரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சி.

இன்னொரு நுட்பமும் உண்டு. உண்மை யந்திரத்தில் ஒரு பக்கத்துத் தண்டு கோடியில் நிற்கையில் மறுபக்கத்துத் தண்டு பாதி வழியில் நிற்கும். ஒரு பக்கத்து உந்துதண்டு தள்ள மாட்டாத தறுவாயில் மற்றது தள்ளுவதற்காக இரு பக்கத்துக்கும் 90 பாகை வித்தியாசம் வைத்தார்கள். மாதிரியில் நீராவி இல்லை, மின்மோட்டார்தான். ஆயினும் அதே ஒழுங்கு வேண்டும். 90 பாகை இம்மியளவு கூடினாலும் குறைந்தாலும் பாதகமில்லை. எல்லா அச்சுக்களிலும் அக்கோணம் ஒன்றாயிருந்தால் யந்திரம் வழுவழுவென்று ஓடும். ஒன்று மட்டும் வேறுபட்டால் நொண்டும். சங்கம் நடத்துவோர்க்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது.

புகைபோக்கி முதலிய உருண்டை உறுப்புக்களைக் கடைசல் பட்டறையில் பித்தளைக் கோலிலிருந்து கடைந்தெடுக்கலாம். பட்டறை இல்லாதார் கோலை மின் துளைகருவியில் இறுக்கிச் சுழலவிட்டு, அரத்தால் உருவம் கொண்டுவரலாம்; கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அவசியம். தகட்டின்மீது தெரியும் ஆணித்தலைகளுக்குக் கால் மில்லிமீற்றர்த் தகட்டின் பின்புறத்தில் சதுரக் கோட்டுத்தாளை ஒட்டி, மழுங்கிய ஊசியால் கோடு தவறாமல் அழுத்தினால் போதும். முன்புறத்தில் வரிசையாய்க் குமிழ்கள் எழும்.

ஒரே உறுப்புப் பல வேண்டுமாயின் மெழுகு வார்ப்பு முறை கைகொடுக்கும். முதலில் பித்தளையில் ஒன்றைச் செம்மையாய்ச் செய்து, அதற்கு இறப்பர் அச்சு எடுத்து, அதில் மெழுகை ஊற்றிப் பல பிரதிகள் எடுப்பார்கள். அவற்றைச் சாந்துக் கலவையில் புதைத்துச் சூளையில் வைத்தால் மெழுகு உருகி ஓடிவிடும். அவ்வெற்றிடத்தில் உருகிய பித்தளை புகும். மோதிரம் வார்ப்போர் அறிந்த வழி இது. சுவாமிமலைச் ஸ்தபதிகள் பஞ்சலோக விக்கிரகம் வார்ப்பதும் மெழுகை உருக்கி விடும் இதே தத்துவத்தால்தான். மேனாட்டார் நூலில் படித்து நாம் வியக்கும் வித்தை நம் கோயில் மூலஸ்தானத்தருகே காலங்காலமாய் நின்றுகொண்டிருக்கிறது!

இக்காலத்தில் கணினியில் வரைந்து முப்பரிமாண அச்சு யந்திரத்தால் உறுப்பை எடுக்க முடிகிறதே, பித்தளையோடு மல்லாடுவது ஏன் என்று நண்பர்கள் கேட்பார்கள். அதை நாம் வெறுக்கவில்லை. கைவிளக்கு, இருக்கை போன்ற சில்லறை உறுப்புக்களுக்கு அது மிகவும் உகந்தது. ஆனால் அந்த யந்திரமும் நாம் கொடுத்த அளவைத்தான் அச்சிடும். அளவு பிழையானால் பிழையையே அழகாகச் செய்து தரும். நாங்கள் கற்ற மிஷன் பாடசாலையின் மரவேலை வகுப்பில் முதலில் கையில் தந்தது உளி அன்று, அடிமட்டம். அவ்வொழுங்கின் அருமை இப்போதுதான் விளங்குகிறது.

இனி அந்த அளவுகளை எங்கே பெறுவது? இதுதான் எமது பேச்சின் உயிர்நிலை. நீராவி யந்திரங்கள் பல பழைய இரும்பாய்ப் போயின. 'சேர் தோமஸ் மெயிட்லண்ட்' போன்று ஆளுநர் பெயர் தாங்கிய சில தப்பின. 2014இல் கடுகண்ணாவையில் புகையிரத நூதனசாலை திறக்கப்பட்டமை நற்காரியம். கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954இல் கனடாவிலிருந்து வரத் தொடங்கிய டீசல் யந்திரங்களும் இன்று பழமையாகிவிட்டன. களனிப் பள்ளத்தாக்கின் இரண்டரை அடிச் சிறுபாதை அகலப்பாதையாகவே மாறிவிட்டது. இரும்பு போனால் வரைபடமாவது மிஞ்ச வேண்டும். அதையும் விட விரைவாய் மறைவது மனித ஞாபகம். கரி அள்ளிப் போட்டவர், கைகாட்டி இறக்கியவர், பாதை பார்த்தவர் ஆகியோரின் வீடுகள் நம் ஊரிலும் தோட்டங்களிலும் உண்டு. அவர்களிடம் கேட்டு எழுதாத செய்தியை எந்த அச்சு யந்திரமும் நமக்குத் தரமாட்டாது.

ஆகவே இச்சங்கத்திற்கு இரண்டு விண்ணப்பங்கள் செய்கின்றோம். ஒன்று, மண்டபத்தின் ஒரு மூலையில் ஒரு மேசை, ஒரு பிடிகருவி, இரண்டு அரம், ஒரு சன்ன வாள், ஒரு சோல்டர் கோல் இவ்வளவும் அமையட்டும். ஊர்ப் பொற்கொல்லர் ஒருவரை மாதம் ஒருமுறை அழைத்துக் கற்போம். இரண்டு, முறைப்படி அனுமதி பெற்று, மிஞ்சியிருக்கும் யந்திரங்களையும் பெட்டிகளையும் நாடாவால் அளந்து வரைந்து, மூத்தோர் சொல்லையும் கூட எழுதி ஒரு கொப்பியாக இங்கே வைப்போம்.

மாசி மகத்தில் முத்துமாரியம்மன் தேர் வீதிவலம் வருகையில், அச்சும் ஆணியும் அறிந்து செய்த தச்சனின் கையை நினையாமலே நாம் வடம் பிடிக்கின்றோம். வடம் பிடிக்கும் கைகள் நம்மிடம் நிறைய உண்டு. செய்யும் கைகளும் பெருகட்டும். இது விளையாட்டுத்தான், ஆனால் விளையாட்டாய்க் கற்ற கை பின்னர் எத்தொழிலுக்கும் உதவும்.

 வணக்கம்.