கணக்குச் சொல்கிறார்கள்; நாமும் கணக்குக் கேட்போம்
(பெரம்பலூர், அரியலூர் வட்டாரத் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் சர்க்காரின் சட்டப் பணிகள் ஆணைக்குழு கணக்குக் கொடுக்கிறது. இத்தனை மக்கள் நீதிமன்றம் நடந்தது, இத்தனை வழக்கு முடிந்தது, இத்தனை கோடி ரூபாய்க்குத் தீர்வு கண்டது என்று பத்திரிகையில் வருகிறது. நல்லது. ஆனால் நமக்கு ஒரு கேள்வி இருக்கிறது. எறையூர் சர்க்கரை ஆலைத் தொழிலாளிக்கும், ஆலத்தூர் கல்குவாரியில் உடைக்கிறவருக்கும், செந்துறைப் பக்கம் களை எடுக்கும் பெண்ணுக்கும் இந்தக் கணக்கில் கிடைத்தது எவ்வளவு?

இந்தச் சட்டத்துக்கும் பெரம்பலூர் மாவட்டத்துக்கும் வயது ஏறக்குறைய ஒன்றுதான். 1995 நவம்பர் 1ந் தேதி திருச்சியிலிருந்து பிரிந்து பெரம்பலூர் மாவட்டம் உதயமாயிற்று. எட்டு நாள் கழித்து, நவம்பர் 9ந் தேதி, 1987ம் வருஷச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் அமலுக்கு வந்தது. சட்டம் எழுதி எட்டு வருஷம் தூங்கிய பிறகுதான் அது கண் விழித்தது! அரியலூரின் கதையும் நமக்குத் தெரியும். 2001ல் தனி மாவட்டம், 2002ல் மீண்டும் பெரம்பலூரோடு இணைப்பு, 2007ல் திரும்பவும் தனி மாவட்டம். ஆபீஸ் எந்த ஊரில் என்று தேடியே ஏழையின் பஸ் காசு கரைந்தது.

இந்த உரிமை யாரும் போட்ட பிச்சை அல்ல. 1957ல் கேரளத்தில் அமைந்த கம்யூனிஸ்ட் மந்திரிசபையில் சட்ட மந்திரியாக இருந்தவர் வி.ஆர்.கிருஷ்ணய்யர். ஏழைக்குச் சட்ட உதவி பற்றி ஆராய 1972ல் மத்திய சர்க்கார் அமைத்த குழுவுக்கு அவர்தான் தலைவர். பணமில்லை என்ற காரணத்தால் எவருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது என்று 1976ல் அரசியல் சட்டத்தில் 39-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. ஆகவே, ஆணைக்குழுவின் வாசலில் நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. உரிமையோடு போகலாம்.

யார் யாருக்கு இலவச வக்கீல்? சட்டத்தின் 12வது பிரிவு சொல்கிறது: தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், ஊனமுற்றோர், காவலில் இருப்போர், கொத்தடிமையாய் வேலை வாங்கப்பட்டோர், சாதிக் கொடுமைக்கும் தொழில் விபத்துப் பேரழிவுக்கும் ஆளானோர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள். இவர்களிடம் வருமானம் எவ்வளவு என்று கேட்கச் சட்டத்தில் இடமில்லை. 2023 அக்டோபரில் அரியலூர் மாவட்டம் விரகாலூர் பட்டாசு ஆலை வெடித்து உயிர்கள் பறிபோயினவே, அப்படிப்பட்ட குடும்பங்களுக்கும் இந்த உரிமை உண்டு.

ஆனால் ஒரு வேற்றுமையைக் கவனியுங்கள். சிமெண்ட் ஆலைத் தொழிலாளி வருமானம் காட்ட வேண்டாம். அதே ஊரில் வயலில் உழைக்கும் ஆண், இந்தப் பட்டியலில் வேறெதிலும் வராவிட்டால், வருமான வரம்புக்குள் இருப்பதாகக் காட்ட வேண்டும். ஆலையில் சிந்தும் வேர்வை வேறு, வயலில் சிந்தும் வேர்வை வேறா? இந்தக் குறை நீங்க வேண்டும். அதுவரை ஒன்றை நினைவில் வையுங்கள்: சர்டிபிகேட்டுக்காக நாள் கணக்கில் அலைய வேண்டாம். வருமானம் பற்றி உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால், சந்தேகப்படக் காரணம் இல்லாதவரை, அதையே ஏற்கலாம் என்று 13வது பிரிவு கூறுகிறது.

இனி மக்கள் நீதிமன்றம். விபத்து நஷ்டஈடு, வங்கிக் கடன், செக் வழக்குகள் அங்கே நிறைய வரும். வழக்கு சீக்கிரம் முடியும். கட்டிய கோர்ட்டுக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். இதெல்லாம் நன்மைதான். ஆனால் அங்கே ஆகும் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது! சுண்ணாம்புக்கல் லாரியில் கணவனைப் பறிகொடுத்த பெண் ஒருபுறம் உட்காருகிறாள். எதிரே இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வக்கீல். கம்பெனி பத்து வருஷம் காத்திருக்கும். அவளால் பத்து நாள் காத்திருக்க முடியுமா? பசி அவளைக் கையெழுத்துப் போட வைக்கிறது. ஆண்டுக் கணக்கில் அது “முடிந்த வழக்கு” ஒன்று. அவளுக்குச் சேர வேண்டியது எவ்வளவு, சேர்ந்தது எவ்வளவு? அந்தக் கணக்கு எங்கே?

சம்மதம் இல்லாமல் அங்கே எதுவும் முடியாது, தோழர்களே. தொகை போதாது என்று தோன்றினால் மறுத்துவிடலாம். வழக்கு பழைய கோர்ட்டுக்கே திரும்பும். படித்துக் காட்டச் சொல்லாமல், கணக்குப் பார்க்காமல், எவரும் கையெழுத்துப் போட வேண்டாம்.

நிர்வாகத்திலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. முன்பெல்லாம் பட்டியலில் உள்ள வக்கீலுக்கு வழக்கைக் கொடுப்பார்கள். அவர் தம் சொந்த வழக்குகளுக்கு நடுவே இதையும் பார்ப்பார். சொற்ப ஊதியத்துக்கு எவ்வளவு கவனம் கிடைக்கும்? 2022ல் தேசிய ஆணைக்குழு புது ஏற்பாடு கொண்டுவந்தது. சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர்கள் மாதச் சம்பளத்தில் முழுநேரமும் இதே வேலையைப் பார்ப்பார்கள். சொந்தத்தில் வழக்கு எடுக்கக் கூடாது. சர்க்கார் தரப்பில் முழுநேர வக்கீல் நிற்கும்போது ஏழையின் தரப்பிலும் ஒருவர் நிற்பது நியாயம். இதை நாம் வரவேற்கிறோம்.

ஆனால் இந்த ஏற்பாடு கிரிமினல் வழக்குகளுக்கு மட்டுமே. நம் ஜனங்களை வாட்டுவது கூலிப் பாக்கியும் நிலமும் அல்லவா? ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்கு 1990களில் நிலம் கொடுத்தவர்கள் நஷ்டஈட்டுக்காக எத்தனை வருஷம் கோர்ட்டு வாசலில் காத்துக் கிடந்தார்கள்! அப்படிப்பட்டவர்களுக்கு முழுநேர வக்கீல் கிடையாது. பழைய பட்டியல் முறைதான்.

எனவே நாம் கேட்பது மூன்று.

ஒன்று: கூலி, நிலம், நஷ்டஈட்டு வழக்குகளுக்கும் முழுநேர வக்கீல்கள் வேண்டும்.

இரண்டு: விவசாயத் தொழிலாளியையும் ஆலைத் தொழிலாளியைப் போலவே, வருமானம் கேட்காமல், 12வது பிரிவில் சேர்க்க வேண்டும்.

மூன்று: ஆண்டுக் கணக்கில், தாலுகா வாரியாக, எத்தனை தொழிலாளிக்கு வக்கீல் கிடைத்தது, கேட்டது எவ்வளவு, கையில் வந்தது எவ்வளவு என்று வெளியிட வேண்டும்.

நமக்கும் வேலை உண்டு. 15100 என்ற டெலிபோன் நம்பரை ஒவ்வொரு ஆலை வாசலிலும், டீக்கடையிலும், தெருவிலும் எழுதி வைப்போம். போலீஸ் ஸ்டேஷனுக்கோ கோர்ட்டுக்கோ ஒரு தோழன் இழுக்கப்பட்டால் அன்றே ஆணைக்குழுவுக்கு மனு போகட்டும். மனுவோடு சங்கத் தோழர் ஒருவர் கூடப் போகட்டும். தனியாகப் போகிற ஏழையை “நாளை வா” என்பார்கள். சங்கத்தோடு போகிறவருக்கு நாற்காலி போடுவார்கள். சட்டம் நம் பக்கம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அது மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது!