பாகிலனின் ஏழு தோட்டங்கள்



மெட்ரிக்குலேஷன் தேறியதோடு இரயில்வேக் கணக்குப் பேரேட்டில் தலை கவிழ்ந்தவன் நான். கோயிற்கலை பற்றிப் பேச எனக்குள்ள தகுதி ஒன்றே. இந்த ஜான்சியிலிருந்து ஏறத்தாழ 175 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கஜுராஹோவுக்குப் பன்முறை சென்று வந்திருக்கிறேன். இருப்புப்பாதை 2008-ஆம் ஆண்டில்தான் அவ்வூரை எட்டியது என்பதை நம்மவர் அறிவர். பாதை வந்த பின்னரும் அங்குச் செல்லாத குடும்பங்கள் நம் காலனியில் பல. பெண்டு பிள்ளைகளுடன் பார்க்கத்தக்க இடமில்லை என்ற பேச்சு நம்மிடையே ஊறிப்போயிருப்பதே காரணம். அப்பேச்சுக்கு மறுமொழி கூறவே இன்று இங்கு நிற்கிறேன்.

சந்தேல மன்னர்கள் பத்து, பதினோராம் நூற்றாண்டுகளில் எடுப்பித்த கோயில்கள் அவை. எண்பத்தைந்து இருந்தன என்பது மரபு. எஞ்சியவை ஏறத்தாழ இருபத்தைந்து. இலக்குமணர் கோயிலின் கல்வெட்டு 954-ஆம் ஆண்டினது. கந்தாரிய மகாதேவர் கோயில் 1030-ஐ ஒட்டியது. இவ்விரண்டிற்கும் இடையில், 1010-இல், தஞ்சைப் பெருங்கோயிலை நம் இராசராசன் நிறைவு செய்தான். தஞ்சை விமானம் தளத்தின்மேல் தளமாக அடுக்கி எழுவது. கந்தாரியமோ, குன்றுகள் சூழ்ந்து ஒரு மலையைத் தூக்கி நிறுத்தினாற்போல, எண்பத்து நான்கு சிறு சிகரங்கள் புடைசூழ உயர்ந்து நிற்பது. மணற்கற்களைச் சுண்ணச் சாந்தின்றி ஒன்றோடொன்று பொருத்தியிருக்கிறார்கள். ஊரார் வாயிலிருக்கும் காமச் சிற்பங்கள் அங்கு உண்டு, மறுக்கவில்லை. எனினும் மொத்தத்தில் அவை சிறு பகுதியே. தெய்வங்கள், யானைகள், போர்வீரர், இசைவாணர், கண்ணாடி பார்க்கும் மங்கையர் ஆகியோரே சுவரெங்கும் நிறைந்திருக்கின்றனர்.

இவற்றுள் என் நெஞ்சைப் பிணித்தது ஊரின் கிழக்கேயுள்ள பார்சுவநாதர் கோயில். இது சமணக் கோயில். தங்கன் என்னும் சந்தேல மன்னன் காலத்தது. சமணர் கோயிலின் புறச்சுவரில் இராமபிரான் சீதையோடு நின்று, அனுமனின் தலைமேல் கைவைத்து அருள்புரிகிறார்! பலராமர் தம் தேவியோடு நிற்கிறார். அருகே ஒருத்தி கண்ணுக்கு மை தீட்டுகிறாள். மற்றொருத்தி காலுக்குச் சலங்கை கட்டுகிறாள். என் தாயார் இருந்தால் கைபிடித்து அழைத்துச்சென்று காட்டுவேன். பிற சமயத்துத் தெய்வங்களுக்கு இடமளித்ததால் அக்கோயிலின் சமணம் ஒரு மாற்றும் குறையவில்லை. நம் நாட்டிலும், சைவப் பேரரசனான இராசராசனின் தமக்கை குந்தவையார் பெயரால் போளூருக்கு அருகே திருமலையில் சமணக் கோயில் உண்டன்றோ?

அக்கோயிலில் கணக்கெழுதுவோருக்கென்றே ஒரு விருந்தும் இருக்கிறது. பதினாறு கட்டங்கள் கொண்ட சதுரம் ஒன்றைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். முதல் வரியில் 7, 12, 1, 14. அடுத்து 2, 13, 8, 11. பின்னர் 16, 3, 10, 5. இறுதியில் 9, 6, 15, 4. குறுக்கே கூட்டுங்கள், முப்பத்து நான்கு. நெடுக்கே கூட்டினும் அதே. மூலைக்கு மூலை கூட்டினும், ஒட்டிய நான்கு கட்டங்களைச் சேர்த்துக் கூட்டினும் அதே முப்பத்து நான்கு! மாதக் கடைசியில் என் பேரேடு ஒருமுறையேனும் இவ்வாறு ஒத்து வந்ததில்லை.

இனி, தலைப்பில் சொன்ன பாகிலனுக்கு வருவோம். வாயிற்காலில் அவனுடைய கல்வெட்டு உள்ளது. தங்க மன்னனால் மதிக்கப்பெற்ற அவன் இக்கோயிலுக்கு ஏழு தோட்டங்களை அளித்தான். தன் பெயரால் ஒன்று, மன்னன் பெயரால் ஒன்று, சங்கரன் பெயரால் ஒன்று, மாந்தோட்டம் ஒன்று, இவ்வாறு ஏழு. கட்டிமுடித்த கோயிலுக்கு நாள்தோறும் பூ வேண்டும், எண்ணெய் வேண்டும், கூரை ஒழுகினால் அடைக்க ஆள் வேண்டும். தஞ்சைச் சுவரில் விளக்கெரிக்க ஆடு விட்ட கணக்கெல்லாம் பொறித்ததும் இதன்பொருட்டே. பாகிலனோ இன்னும் ஒருபடி மேலே எண்ணினான். தன் குலம் ஒருநாள் அற்றுப்போகும் என்று அவனே எழுதினான். அவ்வாறு அற்றபின் இங்கு வேறு எக்குலத்தார் இருப்பினும், அவர்களுடைய அடியார்க்கு அடியேன் நான். என் கொடையை அவர்கள் காப்பாராக என்பது அவன் வேண்டுகோளின் பொருள்.

அவன் குறித்த அந்த வேறு குலத்தார் எவர்? இன்னார் என்று அவன் வரையறுக்கவில்லை. சமயம் கேட்கவில்லை, மொழி கேட்கவில்லை. இங்கு இருப்பவர் என்ற ஒரே அடையாளம் அவனுக்குப் போதுமானதாயிருந்தது. பிழைப்பை நாடி வந்து இந்தப் புந்தேல்கண்டத்து நீரைக் குடிக்கும் நாமும் அதில் அடங்குவோம் என்றே எனக்குத் தோன்றுகிறது. சொந்த ஊர்க் கும்பாபிஷேகத்திற்கு ஆண்டுதோறும் பணம் அனுப்புகிறோம், அனுப்பத்தான் வேண்டும். அண்டையில் ஒருவன் ஆயிரமாண்டுக்கு முன்பே நமக்கு எழுதிவைத்த கடிதத்தை ஒருமுறை போய்ப் படித்தாவது வரலாமல்லவா?

அங்கு இன்றும் வழிபாடு நடைபெறுகிறது. ஆகவே செருப்பு, தோல்வார் முதலியவற்றை வெளியே வைத்துவிட்டே செல்ல வேண்டும். குளிர் தணிந்தபின் மாசி மாதத்தில் குடும்பங்களாகச் சென்றுவர எண்ணியுள்ளோம். வர விரும்புவோர் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். சதுரத்தைக் கூட்டிப் பார்க்கக் குழந்தைகள் கையில் ஒரு பென்சிலும் தாளும் இருக்கட்டும்.