பிள்ளை சுகமாயிற்றா?

(களமருதூர் ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



காணிக்கை அனுப்புகிறவர்கள் எங்களிடம் கேட்பதுண்டு: "அந்த மூளை முடக்குவாதப் பிள்ளை சுகமாயிற்றா?" உண்மையைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். இதை அடியோடு நீக்கும் மருந்து உலகில் எங்கும் இல்லை.

கருவிலோ, பிரசவத்திலோ, பிறந்த சில வருஷங்களுக்குள்ளோ வளரும் மூளையில் ஒரு பகுதி பழுதடைகிறது. கை கால்கள் விறைத்துப்போகின்றன, அல்லது தாமாக அசைகின்றன. குறைமாதப் பிறப்பு, கருவில் தொற்று, பிறந்ததும் மூச்சுத்திணறல், கவனியாத கடும் மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல் ஆகியவை காரணங்களிற் சில. பலருக்குக் காரணம் தெரிவதேயில்லை. யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டதையும், ஆண்டவர் அந்தக் கேள்வியையே தள்ளினதையும் யோவான் 9ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். நம் சபைகளில் அது இன்னும் ஓயவில்லை. மாமியார் வாயிலும் வருகிறது, சில வேளை பிரசங்க பீடத்திலும் வருகிறது.

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்துத் தாய், பிள்ளையை இடுப்பில் சுமந்து, கச்சிராயபாளையம் வழியாகப் பஸ்ஸில் கள்ளக்குறிச்சிக்கு இறங்க வேண்டும். அன்றைய கூலி போயிற்று. பயிற்சியோ ஒரு நாளில் முடிவதல்ல. மந்திரிப்பு, தாயத்து, சுகமளிக்கும் கூட்டம் என்று அலைந்து முதல் இரண்டு வருஷமும் கழிந்துவிடுகிறது. பயிற்சி அதிகம் பலன் தருகிற காலமே அதுதான்.

மூளையின் பழுது பெருகுவதில்லை. பயிற்சியில்லாத மூட்டுகளோ இறுகிப்போகும். ஆகவே தசைப்பயிற்சி, காலிப்பர், விறைப்புக்கு மாத்திரை அல்லது ஊசி, வலிப்புக்கு மருந்து, சிலருக்கு அறுவை சிகிச்சை. இரண்டு வயதுக்குள் தானாக உட்காருகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் பின்பு நடப்பார்கள். ஏறக்குறைய பாதிப்பேருக்குப் புத்தியில் குறைவில்லை. பேச்சு குழறுவதால் நாம்தான் தள்ளிவிடுகிறோம். படுக்கையோடே இருக்கும் பிள்ளைகளும் உண்டு. அவர்கள் புரையேறாமல் உண்டு, வலியின்றி உறங்கினாலே தாய்க்குப் பெரிய ஆறுதல்.

வேலூர் மிஷன் மருத்துவமனையின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954ல் விபத்தில் கால்கள் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் இருந்தே அறுவை சிகிச்சை செய்தார். அவர் முயற்சியால் 1966ல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. அவர் கால்கள் சுகமாகவேயில்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இப்பிள்ளைகளையும் சேர்த்திருக்கிறது. அடையாள அட்டைக்கு அவர்களைக் கூட்டிப்போகச் சபைக்கு ஒருவர் முன்வந்தால் நலம்.

உங்கள் காணிக்கை பஸ் கட்டணத்துக்கும், கால் வளர வளர மாற்றவேண்டிய காலிப்பருக்கும் போகிறது. அடுத்த வருஷமும் அதே பிள்ளைக்காகவே எழுதுவோம். சலிக்காமல் வாசியுங்கள்.